ரயில்வே கேட்டு போட்டாலும் இழப்புதான்: படிப்பு மையங்களை நடத்தும் அறக்கட்டளை நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

தண்டையார்பேட்டை தலைமை மையத்தில் மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பெட்டிக்கும் பழைய பீரோவுக்கும் நடுவில் ஒரு கறுப்பு சிபியு இருக்கிறது. பக்கவாட்டு மூடி கிடையாது. நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து கிடக்கிறது. பெருக்க வருகிற அம்மா அதன் மேல் ஈரத்துணியைக் காயப்போட்டு, நான் எடுத்து மாற்றியிருக்கிறேன். நம் ஐந்து மையங்களிலும் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகள் இணையத்தில் எதைத் திறந்தாலும் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இந்த மடல்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பகலில் மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கணினி, நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நம் மையங்களின் கேபிள், வைஃபை, பிரிண்டர், எது பழுதானாலும் வந்து பார்க்கிறேன். சம்பளத்துக்கு இல்லை. நான் பள்ளியில் படித்த காலத்தில் இந்தத் தண்டையார்பேட்டை மையத்தின் விளக்கு வெளிச்சத்தில்தான் படித்தேன். அந்தக் கடனுக்காக வருகிறேன். இரண்டு முறை எழுத்தில் கொடுத்தும் பதில் வரவில்லை என்பதால் இந்த முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். அறக்கட்டளையின் பெயரைச் சொல்லவில்லை. நீங்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும், உங்களைக் கொச்சைப்படுத்துவது என் நோக்கம் அல்ல.

2024 பிப்ரவரி 28. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். ஜனவரி 30-ஆம் தேதி அறிவிப்பு வந்ததிலிருந்து ஒரு மாத அவகாசம் இருந்தது உண்மைதான். ஆனால் நம் பிள்ளைகள் எப்படி விண்ணப்பிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சாதிச் சான்றிதழ் கைக்கு வர வேண்டும், போட்டோ சரியான அளவில் இருக்க வேண்டும், கட்டணத்துக்குப் பணம் சேர வேண்டும். கடைசி நாள் சாயங்காலம் தலைமை மையத்தில் 19 பேர் வரிசையில் இருந்தார்கள். நான் ஆறரை மணிக்கு வந்தேன். வாசலிலேயே ஒரு பெண் ஓடிவந்து, "அண்ணா, நெட்டு செத்துச்சுண்ணா" என்றாள்.

அவள் திரையில் இருந்த வரியை இன்னும் மறக்கவில்லை. ப்ராக்ஸி சர்வர் இணைப்புகளை மறுக்கிறது என்று ஃபயர்ஃபாக்ஸ் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய பக்கத்தில் அவள் 100 ரூபாய் தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தாள். அம்மா காசிமேட்டில் மீன் வாங்கி வண்ணாரப்பேட்டை தெருக்களில் கூடையில் விற்பவர். அண்ணன் போனிலிருந்து யுபிஐயில் பணம் போய்விட்டது. பணம் வந்தது என்கிற செய்தி திரும்பி வரும் முன்னே இடையில் இருந்த நம் பெட்டி விழுந்துவிட்டது. விண்ணப்பம் முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் போனைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் மாடிப்படிக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து மானிட்டரை மாட்டினேன். அந்தப் பெட்டியில் ஓடுவது ஸ்க்விட் என்கிற ப்ராக்ஸி மென்பொருள், பதிப்பு 4.10. நடந்ததைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்திருந்தது: ஸ்க்விட் ப்ராசஸ் சிக்னல் 11 வாங்கி வெளியேறியது. நினைவகத்தில் தனக்கு இல்லாத இடத்தைத் தொட்ட நிரலை லினக்ஸ் அப்படித்தான் கொல்லும். ஸ்க்விட்டில் மேற்பார்வை பார்க்கும் ஒரு தாய் ப்ராசஸ் உண்டு. பிள்ளை விழுந்தால் அது உடனே எழுப்பிவிடும். அன்றைக்கு எழுப்பியது, மறுபடி விழுந்தது. எழுப்பியது, விழுந்தது. இப்படி உடனுக்குடன் விழுந்துகொண்டே இருந்தால் தாய் கைவிட்டுவிடும். அடுத்த 3600 நொடிகளுக்கு இதை எழுப்பப் போவதில்லை என்று எழுதிவைத்துவிட்டு ஓய்ந்துவிடும். முழுதாக ஒரு மணி நேரம். கடைசி நாள் இரவில் ஒரு மணி நேரம் என்றால் என்ன என்று அந்தப் பத்தொன்பது பேரைத்தான் கேட்க வேண்டும்.

நான் கையால் எழுப்பினேன். ஐந்து நிமிடம் ஓடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மறுபடி விழுந்தது.

மூன்றாவது முறை எழுப்பியபோது, உள்ளே வருவதைப் பிடித்துப் பார்க்கும் டிசிபிடம்ப் என்கிற கருவியையும் கூடவே ஓடவிட்டேன். விழுந்த நொடிக்குப் போய்ப் பார்த்தால், திருவொற்றியூர் கிளையின் பெட்டி வழியாக வந்த ஒரே ஒரு கோரிக்கை. அதில் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்கிற தலைப்பு வரி மட்டும் திரை திரையாகப் போய்க்கொண்டே இருந்தது. ஐபி முகவரி, காற்புள்ளி, ஐபி முகவரி, காற்புள்ளி. நான் என்டரை அழுத்திக்கொண்டே இருந்தேன், முடியவில்லை.

இது என்ன என்று கணினி தெரியாத குழு உறுப்பினர்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். இது புரிந்தால்தான் மீதி புரியும்.

ப்ராக்ஸி என்பது நடுவில் நிற்கும் ஆள். பிள்ளையின் கணினி நேரடியாக வெளியே போகாது. இவரிடம் சொல்லும், இவர் போய் வாங்கி வந்து கொடுப்பார். நமக்கு ஒரே ஒரு லீஸ்டு லைன், அதாவது வாடகைக்கு எடுத்த தனி இணைய இணைப்பு, தலைமை மையத்தில் இருப்பதாலும், வேண்டாத தளங்களைத் தடுக்க வேண்டும் என்பதாலும் இந்த ஏற்பாடு. கிளை மையங்களில் ஆளுக்கொரு சின்னப் பெட்டி. அது தலைமைப் பெட்டிக்கு அனுப்பும். இப்படிக் கைமாறி வரும்போது முதலில் கேட்டது எந்தக் கணினி என்பது மறைந்துவிடும் அல்லவா? அதற்காகத்தான் அந்தத் தலைப்பு வரி. இது யாருக்காக, யார் வழியாக வந்தது என்று ஒவ்வொரு கையும் ஒரு முகவரியைச் சேர்த்து எழுதும். தலைமைப் பெட்டி அந்தப் பட்டியலைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிக்கும். இந்த ஆளை நம்பலாமா? நம்பலாம். அப்படியானால் இவருக்கு முன்னால் யார்? அவரை நம்பலாமா? இப்படியே போகும்.

சிக்கல் இங்கேதான். ஒரு கேள்வியை முடித்து மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்திருந்தால் பட்டியல் எவ்வளவு நீளமானாலும் ஒன்றும் ஆகாது. பழைய ஸ்க்விட் அப்படிச் செய்யவில்லை. முந்தைய கேள்வியைத் திறந்தபடி வைத்துக்கொண்டு அதன் மேலேயே அடுத்த கேள்வியை அடுக்கியது. காசிமேட்டில் ஐஸ் பெட்டி அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். நாலு பெட்டி அடுக்கலாம், எட்டுப் பெட்டி அடுக்கலாம். கூரை இருக்கிற வரைதான் அடுக்க முடியும். நிரலுக்கும் அப்படி ஒரு அடுக்கு இடம் உண்டு, அதற்கும் ஒரு கூரை உண்டு. யாராவது ஒருவர் வேண்டுமென்றே பல்லாயிரம் முகவரிகளை எழுதி ஒரே கோரிக்கையில் அனுப்பினால் அடுக்கு கூரையை இடிக்கும், நிரல் சாகும். கடவுச்சொல் தேவையில்லை. பெரிய கணினி தேவையில்லை. ஆயிரம் கணினிகளைக் கூட்டிவந்து மொய்க்கவிட வேண்டியதும் இல்லை. ஒரு கோரிக்கை போதும்.

இது நான் கண்டுபிடித்தது அல்ல. சிவிஇ-2023-50269 என்ற எண்ணில் உலகத்துக்கே அறிவிக்கப்பட்ட ஓட்டை. 2023 டிசம்பர் நடுவில் அறிவிப்பு வந்தது. ஸ்க்விட் 6.6 பதிப்பில் திருத்தம் வந்தது. எப்படித் திருத்தினார்கள் தெரியுமா? 64 முகவரிக்கு மேல் இருந்தால் மீதியைப் பார்க்காதே, லாகில் ஒரு பிழை என்று எழுதிவிட்டு உன் வேலையைப் பார் என்று ஒரு எல்லை வைத்தார்கள். அவ்வளவுதான். உடனே பதிப்பு மாற்ற முடியாதவர்களுக்கு அதைவிட எளிதான வழியும் சொல்லியிருந்தார்கள்: அமைப்புக் கோப்பில் ஃபாலோ எக்ஸ் ஃபார்வர்டட் ஃபார் என்று தொடங்கும் வரியை எடுத்துவிடுங்கள்.

அந்த வரியை எழுதியது நான். இதை மறைக்க விரும்பவில்லை. 2021-இல் எந்தக் கிளையில் எந்தக் கணினி எவ்வளவு பயன்படுத்துகிறது என்று மாதக் கணக்குக் கேட்டீர்கள். அதற்காக அந்த வசதியைத் திறந்தேன். கிளைப் பெட்டிகளின் முகவரிகளை மட்டும் நம்பு என்று எழுதியிருக்க வேண்டும். அவசரத்தில் எல்லோரையும் நம்பு என்று எழுதிவிட்டேன். அது என் தவறு. அந்த மூன்று பிள்ளைகளிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன்.

மூன்று பிள்ளைகள் என்றேன். அன்று இரவு எட்டரை மணிக்குத்தான் அந்த வரியை நீக்கி ஓட்டத்தை நிலைப்படுத்தினேன். அதற்குள் பாதிப் பேர் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கிற பிரவுசிங் சென்டர்களுக்கு ஓடிவிட்டார்கள். அங்கேயும் கூட்டம். மீதிப் பேரை உட்காரவைத்து ஒவ்வொருவராக முடித்தோம். இரவு 11.59 வரைதான் நேரம். 16 பேருக்கு முடிந்தது, மூன்று பேருக்கு முடியவில்லை. மீன் விற்பவரின் மகள் அந்த மூவரில் ஒருத்தி. பிடித்த பணம் சில நாளில் அண்ணன் கணக்குக்குத் திரும்பி வந்தது. விண்ணப்பம் திரும்பி வரவில்லை. அடுத்த குரூப் 4 அறிவிப்பு 2025 ஏப்ரல் 25-ஆம் தேதிதான் வந்தது. கிட்டத்தட்ட 14 மாதம். அந்த 14 மாதத்தில் அவள் மூலக்கொத்தளத்தில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். இப்போது படிக்க வருவதில்லை.

போனிலேயே விண்ணப்பித்திருக்கலாமே என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். சிலர் அப்படித்தான் முடித்தார்கள். ஆனால் மற்றவர்களின் போட்டோவும் கையெழுத்தும் ஸ்கேன் செய்து மையத்துக் கணினியில்தான் இருந்தன, வீட்டில் இருக்கும் ஒரே போன் கடலுக்குப் போன அப்பாவிடம் இருந்தது. எல்லாவற்றையும் போனிலேயே முடித்துக்கொள்ள முடிகிற பிள்ளைகளுக்காக நீங்கள் மையம் நடத்தவில்லை. இல்லாத பிள்ளைகளுக்காகத்தான் நடத்துகிறீர்கள்.

இப்போது என் உண்மையான வருத்தத்துக்கு வருகிறேன்.

டிசம்பரில் அறிவிப்பு வந்தபோது யாராலும் எதையும் பார்க்க முடியாது என்பது எனக்கே தெரியும். மிக்ஜாம் புயல் அடித்து முடித்திருந்தது. வீட்டுக்குள் தண்ணீர், பல நாள் கரண்ட் இல்லை, எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலம். நாம் எல்லோரும் மையத்தில் பாலும் பாயும் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்த டிசம்பருக்காக உங்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் ஜனவரி இரண்டாம் வாரம் அலுவலகத்துக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் இணையத்தை நிறுத்தி அப்டேட் போட அனுமதி கேட்டேன். பொறுப்பாளர் அம்மா நல்லவர். "தம்பி, ஓடிக்கினு இருக்கறதை எதுக்குத் தொடணும்? ஒண்ணு கெட்டா யாரு பார்க்கறது?" என்றார். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மேலேயிருந்து வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன். அது என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடக்கிறது: "டேட்டா எதுவும் திருடு போகாதுன்னு நீயே சொல்ற. அப்புறம் என்ன அவசரம்?"

பிப்ரவரி 28-க்குப் பிறகு கூட்டத்தில் பேசியபோதும் அதே வார்த்தைதான். திருட்டு எதுவும் இல்லையே. யார் கணக்கும் போகலையே. நின்னு போச்சு, ஓட வெச்சாச்சு, விடுங்க.

ஐயா, அம்மா, நீங்கள் எல்லோரும் இந்தப் பக்கத்து ஆட்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றிருப்பீர்கள். சரக்கு வண்டி குறுக்கே நின்றுவிட்டால் என்ன ஆகும்? யாரும் உங்கள் பையைப் பிடுங்குவதில்லை. யாரும் உங்களை அடிப்பதில்லை. கேட்டு மூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு முதல் பாடவேளை போய்விடும், தினக்கூலிக்குப் போகிறவருக்கு அன்றைய வேலை போய்விடும், ஆம்புலன்ஸில் இருப்பவருக்கு உயிரே போகலாம். அந்தக் கேட்டுக்கு மேம்பாலம் வேண்டும் என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்கியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அப்போது நீங்கள் யாரும் திருட்டு எதுவும் நடக்கவில்லையே என்று சொல்லவில்லை. வழி மூடிக் கிடப்பதே இழப்பு என்பது தெருவில் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கணினியில் மட்டும் ஏன் மறந்துபோகிறது?

பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் ஓட்டைக்கு மதிப்பெண் போடும்போது மூன்று கேள்விகள் கேட்பார்கள். ரகசியம் கசியுமா, தகவல் மாற்றப்படுமா, சேவை நிற்குமா. இந்த ஓட்டைக்கு முதல் இரண்டுக்கும் இல்லை என்றுதான் பதில். மூன்றாவதற்கு அதிகம். அந்த மூன்றாவது ஒன்றுக்காக மட்டுமே அமெரிக்காவின் தேசிய ஓட்டைப் பட்டியல் இதற்குப் பத்துக்கு 7.5 கொடுத்திருக்கிறது. உயர் அபாயம் என்ற வகையில் வருகிறது. நம் நாட்டில் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவு, ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டிய சம்பவங்களின் பட்டியலில் சேவை முடக்கத் தாக்குதலையும் சேர்த்திருக்கிறது. 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43, உரிமை உள்ளவருக்குக் கணினியை அணுகவிடாமல் செய்வதையே இழப்பீடு கொடுக்க வேண்டிய தனி மீறலாக எழுதியிருக்கிறது. எதையும் எடுத்திருக்க வேண்டியதில்லை, மறித்தாலே போதும்.

லாக் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். மார்ச் 1-ஆம் தேதி நீங்கள் அனுப்பிய ஒப்பந்தக்காரர் வந்து, பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்து, முழுதாக அழித்து பழைய நகலிலிருந்து மறுபடி ஏற்றிவிட்டுப் போனார். என்னைக் கேட்கவில்லை. அதோடு அன்றைய பதிவுகள் எல்லாம் போயின. நான் பிடித்து வைத்த டிசிபிடம்ப் கோப்பும் அதே வட்டில்தான் இருந்தது. போனில் எடுத்த நான்கு போட்டோதான் மிச்சம். திருவொற்றியூர் கிளையில் அந்த நேரம் எந்த நாற்காலியில் யார் இருந்தார் என்று பதிவேடு இல்லை. ஸ்க்விட் ஒரு கோரிக்கையை முடித்த பிறகுதான் அணுகல் பதிவேட்டில் எழுதும். முடிக்கும் முன்பே செத்தால், கொன்ற கோரிக்கைக்கு அதில் ஒரு வரிகூட இருக்காது. அதனால்தான் சிஸ்டம் லாகும், ஸ்க்விட் தன் பிழைகளை எழுதும் கேஷ் லாகும் இவ்வளவு முக்கியம்.

யாரையும் நான் குற்றம் சாட்டவில்லை. தெரியாமல் ஏதோ ஒரு கருவியை ஓட்டிப் பார்த்த பதினேழு வயதுப் பையனாக இருக்கலாம் என்பது என் எண்ணம். அப்படி ஒருவன் இருந்தால் அவனை எனக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கத் தயார். ஒரே வரியில் ஐந்து மையத்தையும் நிறுத்த முடிகிற பெட்டியை இரண்டரை மாதம் திறந்து வைத்திருந்தது நாம்தான்.

இன்னும் கேளுங்கள். ஒப்பந்தக்காரர் ஏற்றிய அந்தப் பழைய நகலில் அதே 4.10, அதே அமைப்புக் கோப்பு, எல்லோரையும் நம்பு என்கிற அதே வரி. நான் மறுபடி நீக்கினேன். பிறகு வீட்டில் என் சொந்தக் கணினியில் அதே பதிப்பை, அதே கோப்போடு ஏற்றி, நீளமான பட்டியலை அனுப்பிப் பார்த்தேன். சிக்னல் 11. திருத்தம் சேர்ந்த மென்பொருள் பொதியை ஏற்றி அதையே அனுப்பினேன். லாகில் ஒரு பிழை வரி எழுதிவிட்டு அமைதியாக ஓடியது. அந்த இரண்டு சோதனைக்கும் எனக்கு ஆன நேரம் ஒரு சாயங்காலம்.

மென்பொருளை இலவசமாக எடுத்தோம், அதனால்தான் இப்படி என்று ஒருவர் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. ஸ்க்விட் 1996-இலிருந்து இருக்கிறது. ஹார்வெஸ்ட் என்ற ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து பிரிந்து வந்தது. உலகம் முழுக்கக் கல்லூரிகளும் இணைய நிறுவனங்களும் அதை வைத்து ஓடுகின்றன. அதைப் பராமரிப்பவர்கள் சொற்பப் பேர், பெரும்பாலும் தன்னார்வலர்கள். 2021-இல் ஜோஷுவா ரோஜர்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் அதன் மூலநிரலைத் தோண்டித் துருவி 55 ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். 2023 அக்டோபரில் அவர் அதைப் பொதுவில் வைத்தபோது 35 இன்னும் அடைபடாமல் இருந்தன. அடைக்க ஆள் போதவில்லை. அதன் பிறகு 6.4, 6.5, 6.6 என்று வரிசையாகத் திருத்தங்கள் வந்தன. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் டைஜஸ்ட் அங்கீகாரத்தில் ஒன்று, கோப்புகளை அனுப்பும் எஃப்டிபியில் ஒன்று, துண்டு துண்டாக வரும் செய்தியைப் பிரிப்பதில் ஒன்று. கடைசியாகச் சொன்னது 2024-இல் 6.8-இல் அடைபட்டது, அதுவும் இதே மாதிரி அடுக்கிக்கொண்டே போய் விழுகிற கதைதான். பெரும்பாலானவை சேவை முடக்க வகை. சம்பளம் வாங்காத ஆட்கள் தங்கள் இரவுகளைக் கொடுத்து அடைத்துத் தந்திருக்கிறார்கள். அதை வாங்கி நம் பெட்டியில் போட்டுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை நாம் கொடுக்கவில்லை. இலவசத்தின் மேல் பழி போடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கசிவு என்றால்தான் அக்கறை வரும் என்றால், அதுவும் வந்துவிட்டது. 2025 அக்டோபரில் வெளியான 7.2-க்கு முந்தைய பதிப்புகளில், பிழைப் பக்கம் வழியாக உள்நுழைவு விவரம் வெளியே தெரிய வாய்ப்பு இருக்கிறது என்று அறிவித்திருக்கிறார்கள். பராமரிப்பு இல்லாத பெட்டியில் ஓட்டைகள் ஒவ்வொன்றாகத்தான் சேரும். எது முதலில் கடிக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் 2024-இலிருந்து நம்மைச் சுற்றிக் கட்டடங்கள் எழும்புகின்றன, நீங்களும் புது மாடி கட்டத் திட்டம் வைத்திருக்கிறீர்கள். சந்தோஷம். அந்த மாடிக்கான மதிப்பீட்டில் ஏசிக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறது, லிஃப்டுக்கு இருக்கிறது. இணையம் ஓடும் பெட்டிக்கு இல்லை. முதலில் அந்த வரியைச் சேருங்கள்.

அதைவிட முக்கியம், அந்தப் பெட்டிக்கு ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். நானாக இருக்க வேண்டும் என்பதில்லை, சம்பளத்துக்கு ஒரு பெண்ணையோ பையனையோ வைத்தால் இன்னும் நல்லது. நம் மையத்தில் படித்த பாலிடெக்னிக் பிள்ளைகளே இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு முதல் எட்டு வரை பராமரிப்பு நேரம் என்று நோட்டீஸ் போர்டில் எழுதிவிட்டால், அவர் யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியிருக்காது. உபுண்டு, டெபியன் மாதிரியான அமைப்புகள் பதிப்பு எண்ணை மாற்றாமலே திருத்தத்தை மட்டும் சேர்த்துத் தருவார்கள். அதனால் எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், எண்ணைப் பார்த்து நிம்மதியடையவும் வேண்டாம். அப்டேட் ஓடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆதரவு முடிந்துபோன அமைப்பை மட்டும் வைத்துக்கொள்ளவே கூடாது. நம் பெட்டியில் இருக்கும் உபுண்டு 20.04-க்கு வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது.

பெட்டி விழுந்தால் மாற்று வழி வேண்டும். இன்றைக்கு எல்லாக் கணினியிலும் ப்ராக்ஸி முகவரியைக் கையால் அடித்து வைத்திருக்கிறோம். அது விழுந்தால் எல்லாம் விழும். பேக் கோப்பு என்று ஒன்று உண்டு: முதல் ப்ராக்ஸி பதில் சொல்லாவிட்டால் இரண்டாவதிடம் போ என்று உலாவிக்குச் சொல்லிக்கொடுக்கலாம். இரண்டாவதுக்குப் புதிதாக வாங்க வேண்டியதில்லை, கொடுங்கையூர் கிளையில் சும்மா கிடக்கும் சிபியு போதும். விண்ணப்பத்தின் கடைசி நாட்களில் மட்டும் ஒரு 5ஜி டாங்கிளையும் தயாராக வைத்திருங்கள். மாதம் சில நூறு ரூபாய்.

எங்காவது ஓட்டை இருக்கிறது என்று யார் வந்து சொன்னாலும், பிள்ளையாக இருந்தாலும், கேட்டு எழுதி வைக்க ஒரு நோட்டு, பதில் சொல்ல ஒரு நாள் கணக்கு. ஒப்பந்தக்காரர் எதையும் அழிக்கும் முன்பு லாகை நகலெடுக்க வேண்டும் என்று அவர் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி. இவ்வளவுதான்.

என் பங்குக்கு நான் செய்து வைத்திருக்கிறேன். வீட்டில் இருந்த பழைய கணினியில் புது உபுண்டு ஏற்றி, திருத்தம் சேர்ந்த ஸ்க்விட் போட்டு, நம்பிக்கைப் பட்டியலில் கிளை முகவரிகளை மட்டும் எழுதி, மூன்று வாரமாக ஓடவிட்டுப் பார்த்துவிட்டேன். என் வீட்டம்மா அதற்கு ஒரு பழைய தலையணை உறையைத் தூசி படாமல் தைத்துக் கொடுத்திருக்கிறார். மாடிப்படிக்குக் கீழே உள்ள பெட்டியோடு பத்து நாள் சேர்ந்து ஓடட்டும். பிடித்திருந்தால் மாற்றலாம், இல்லையென்றால் நானே தூக்கிக்கொண்டு போகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மையத்து வாசலில் நிற்பேன். பொறுப்பாளர் அம்மாவிடம் சாவி கொடுக்கச் சொல்லிவிடுங்கள். எட்டு மணிக்குப் பிள்ளைகள் வருவதற்குள் முடித்துவிடுவேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை மையத்தின் பழைய மாணவன், இப்போது அதன் கேபிள்களைப் பார்த்துக்கொள்பவன்